கிட்டார் செட்டப்: கொடுத்து வாங்குவதா, கருவி வாங்கி நாமே செய்வதா?

முதன்முதலாகக் கிட்டாரை செட்டப்புக்கு, அதாவது வாசிக்க வசதியாக நெக் வளைவு, ஸ்ட்ரிங் உயரம் எல்லாம் சரிசெய்ய, கொடுத்தபோது, ரிப்பேர்காரர் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை. "ஆக்‌ஷன் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க" என்றேன். ஃப்ரெட்டுகளுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்தான் ஆக்‌ஷன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, 12ஆவது ஃப்ரெட்டின் மேல் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இப்ப ரெண்டேகால் மில்லிமீட்டர் இருக்கு. எவ்வளவு வேணும்?"

நான் விழித்தேன். அவர் தனக்குச் சரி என்று பட்ட அளவில் வைத்துக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து மழை பிடித்துக்கொண்டதும் நெக் வளைந்து, பழைய கதை திரும்ப ஆரம்பித்தது. அப்போதுதான் யோசித்தேன்: ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு ஓடுவதா, இல்லை கருவிகளை வாங்கி நானே கற்றுக்கொள்வதா? இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக, மூன்று வழிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் நடந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மூன்று வழிகள் என்று நான் சொல்வது இவை. எல்லாவற்றையும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது. திருகாணியைத் திருகி முடிக்கக்கூடிய வேலைகளை மட்டும் நாமே செய்வது. அரம், உப்புத்தாள் வரை இறங்கி முழுப் பட்டறையே போட்டுவிடுவது. இடையில் "எப்படிக் கற்பது" என்ற கேள்வி தனியாக நிற்கிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

கொடுத்து வாங்குவது

உங்களிடம் இருப்பது ஒரே கிட்டார், எப்போதும் ஒரே கேஜ் (தடிமன்) ஸ்ட்ரிங், ஒரே டியூனிங் என்றால், கருவிப் பெட்டி எதுவும் வேண்டாம். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிட்டு வாசிக்கிற வேலையைப் பாருங்கள். கை பழகிய ஒருவர் ஒரு மணி நேரத்தில் பார்த்துச் சொல்லும் கோளாறை நாம் ஒரு வாரம் தேடிக்கொண்டிருப்போம்.

கணக்கு மாறுவது கிட்டார்கள் இரண்டு மூன்றாகும்போது. அல்லது 009 ஸ்ட்ரிங் செட்டிலிருந்து கொஞ்சம் தடித்த 010 செட்டுக்கு மாறும்போது. ஸ்ட்ரிங் தடித்தால் இழுவிசை கூடும், நெக் முன்னால் வளையும், ட்ரெமலோ பிரிட்ஜ் (ஆட்டிச் சுரத்தை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்) இருந்தால் அதுவும் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். மரம் வேறு ஈரத்தை வாங்கும், விடும். போன பருவத்தில் போட்ட செட்டப் இந்தப் பருவத்துக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. திருகாணியின் ஒரு கால் திருப்பலில் முடிகிற காரியத்துக்கு ஒரு வாரம் கிட்டாரைப் பிரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அவர் உங்கள் கையால் வாசித்துப் பார்ப்பதில்லை. நான் பிக்கை ஓங்கி அடிப்பவன். அவர் மெதுவாக வருடிப் பார்த்து "பஸ் இல்லையே" என்பார். (பஸ் என்றால் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் பட்டு இரையும் சத்தம்.) வீட்டுக்கு வந்து வாசித்தால் ஆறாவது ஸ்ட்ரிங் கரகரவென்று இரையும். அவர்மேல் தப்பில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று அளவாகச் சொல்லத் தெரியாததுதான் தப்பு.

திருகாணி வேலைகள்

என் கருத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஏற்ற இடம் இதுதான். ஆனால் இதற்கான கருவிகளை நாம் வாங்கும் வரிசைதான் தலைகீழ். முதலில் ஆலன் கீ (அறுகோண முனைச் சாவி), அப்புறம் அழகான ஒரு பை, அதற்குள் பளபளக்கும் அரம். அளக்கும் கருவி கடைசியில், சில சமயம் வாங்குவதே இல்லை. அளக்காமல் ட்ரஸ் ராடை, அதாவது நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பியை, திருகுவது ஆழம் தெரியாமல் காலை விடுகிற காரியம்.

அளக்கத் தேவையானவை மிகக் குறைவு. ஒரு ஸ்டீல் ஸ்கேல், அரை மில்லிமீட்டர் கோடுகளோடு. விளிம்பிலேயே பூஜ்யம் தொடங்க வேண்டும். சாதாரண ஸ்கேல்களில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அது ஆகாது. (நான் அந்த இடத்தை அரத்தால் தேய்த்து எடுத்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.) அடுத்தது ஃபீலர் கேஜ், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் கொத்து. கிட்டார் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை, வண்டி மெக்கானிக்குகள் டாப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருப்பதும் இதையேதான். பிறகு ஒரு கேப்போ (ஸ்ட்ரிங்குகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி), ஒரு டியூனர். அவ்வளவுதான்.

நெக் வளைவை, அதாவது ரிலீஃபை, அளப்பது இப்படி. கிட்டாரை நீங்கள் வாசிக்கும் டியூனிங்கில் வைத்து, வாசிக்கும் நிலையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ. வலது கையால் ஆறாவது ஸ்ட்ரிங்கை நெக் உடலோடு சேரும் இடத்தில் அழுத்துங்கள். இப்போது இழுத்துக் கட்டிய அந்த ஸ்ட்ரிங்தான் உங்கள் நேர்கோடு. ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டின் தலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். எலக்ட்ரிக் கிட்டாருக்குப் பொதுவாக 0.25 மி.மீ. பக்கம் இருந்தால் சரி. ஃபீலர் கேஜ் இல்லையா? 010 செட்டில் மெல்லிய ஸ்ட்ரிங்கின் தடிமன் ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.254 மி.மீ. கழற்றிப் போட்ட பழைய ஸ்ட்ரிங்கில் ஒரு துண்டு வெட்டி இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். மேலே இருக்கும் ஸ்ட்ரிங்கைத் தூக்காமல், உரசியும் உரசாமலும் போனால் உங்கள் ரிலீஃப் கால் மில்லிமீட்டர். இதைவிட மலிவான அளவுகோல் எனக்குத் தெரிந்து கிடையாது.

எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஃபெண்டர் தன் கிட்டார்களுக்கு ஆக்‌ஷனை 17ஆவது ஃப்ரெட்டில் அளக்கச் சொல்கிறது, 9.5 முதல் 12 அங்குல ரேடியஸ் (நெக் முகத்தின் குறுக்கு வளைவு) உள்ள நெக்குக்கு 1.6 மி.மீ. என்கிறது. கிப்சன் அளப்பது 12ஆவது ஃப்ரெட்டில். தடித்த பக்கம் சுமார் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.2. எந்த ஃப்ரெட் என்று பார்க்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "என்னோடது உயரமா இருக்கே" என்று கலங்குபவர்கள் நிறையப் பேர். நானும் கலங்கியிருக்கிறேன்.

அளக்கத் தெரிந்த பிறகு ட்ரஸ் ராடுக்கு வரலாம். சரிசெய்யக்கூடிய ட்ரஸ் ராடுக்கு கிப்சனில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ 1923இல் காப்புரிமை பெற்றார். நூறு வருடம் ஆகியும் அது ஆக்‌ஷனைக் குறைக்கிற திருகாணி என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. 010 செட்டை ஸ்டாண்டர்ட் டியூனிங்கில் கட்டினால் ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து சுமார் 46 கிலோ எடைக்குச் சமமாக நெக்கை இழுக்கின்றன. அந்த இழுப்புக்கு எதிர் இழுப்பு கொடுப்பதுதான் ராடின் வேலை. ஆக்‌ஷனுக்கு சாடில் இருக்கிறது, பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு. ராடை ஒரு தடவைக்குக் கால் திருப்பலுக்கு மேல் போகாமல் திருகி, மறுபடி டியூன் செய்து, மறுபடி அளக்க வேண்டும். வழக்கமான ராடுகளில் கடிகார முள் திசையில் திருகினால் வளைவு குறையும்.

இங்கே உடைகிற பொருள் பெரும்பாலும் ராடு இல்லை, ராடின் தலை. அங்குல அளவுக் கீயும் மில்லிமீட்டர் கீயும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டப் பொருந்தும். ஆபத்தே அந்தக் கிட்டத்தட்டதான். 3/16 அங்குலம் என்றால் 4.76 மி.மீ. அந்தக் கீ 5 மி.மீ. குழிக்குள் சுகமாக நுழையும், திருகும்போது முனைகளை வழித்துக்கொண்டு சுற்றும். குழி வட்டமாகிவிட்டால் அதைக் கழற்றுவது தனி அறுவைச் சிகிச்சை. சாடில் உயரத்துக்கான குட்டித் திருகாணிகளும் இப்படித்தான்: சில கிட்டார்களில் 0.050 அங்குலம், சிலவற்றில் 1.5 மி.மீ. ஆகவே பத்துக் கிட்டாருக்கு ஆகும் கீ செட்டை விட, உங்கள் கிட்டாருக்குச் சரியாகப் பொருந்தும் நல்ல எஃகுக் கீ இரண்டு மூன்று மேல். ஸ்க்ரூடிரைவருக்கும் அதே பேச்சு. ஜப்பானிய வன்பொருளில் கூட்டல்குறித் தலை பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வடிவம் வேறு. சாதாரண ஸ்க்ரூடிரைவர் அதில் வழுக்கும்.

பிறகு இன்டோனேஷன், அதாவது நெக் முழுக்கச் சுரம் சரியாக ஒலிக்கிறதா என்பது. 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய சுரத்தையும் ஒப்பிட வேண்டும். அழுத்தியது கூடுதலாக இருந்தால் சாடில் பின்னால், குறைவாக இருந்தால் முன்னால். புது ஸ்ட்ரிங்கில் மட்டும் செய்யுங்கள். தேய்ந்த ஸ்ட்ரிங்கோடு மல்லுக்கட்டினால் பொழுதுதான் போகும்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு, என் கணக்கில், ஒன்றிரண்டு தடவை செட்டப்புக்குக் கொடுக்கும் கூலி. மூன்றாவது தடவையிலிருந்து லாபம்.

எது கோளாறு என்று தெரிவது

கருவிகள் வந்துவிட்டன, எண்களும் புரிந்துவிட்டன. அப்படியும் மூன்று நாள் ஒரு கிட்டாரோடு போராடினேன். இரண்டாவது ஸ்ட்ரிங்கில் எட்டாவது ஃப்ரெட்டில் மட்டும் பஸ். ராடைத் தளர்த்தினேன். சாடிலைத் தூக்கினேன். ஏணி வைத்து ஏறி வாசிக்கும் அளவுக்கு ஆக்‌ஷன் உயர்ந்தது, அந்தச் சத்தம் மட்டும் போகவில்லை. கடைசியில் ஒரு பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பை எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் நிறுத்திப் பார்த்தேன். ஒரு கால் குட்டையான கட்டில் மாதிரி டக் டக்கென்று ஆடியது. ஒன்பதாவது ஃப்ரெட் ஒரு முனையில் பள்ளத்தை விட்டு எழும்பியிருந்தது. ராடுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பஸ் என்றால் சந்தேகம் அதற்கு அடுத்த ஃப்ரெட்டின் மேல் விழ வேண்டும். முதல் ஐந்து ஃப்ரெட் முழுக்க என்றால் ரிலீஃப் போதவில்லை. 12க்கு மேல் என்றால் சாடில் தாழ்ந்திருக்கிறது. ஓப்பனாக அடிக்கும்போது மட்டும், எங்கே அழுத்தினாலும் சத்தமில்லை என்றால் நட்டின் (நெக்கின் மேல் முனையில் ஸ்ட்ரிங்குகள் தங்கும் துண்டு) பள்ளம் ஆழமாகிவிட்டது. இந்த நாலு வரி தெரிந்திருந்தால் அந்த மூன்று நாளில் ஒரு பாட்டாவது பழகியிருப்பேன்.

அரம் எடுக்கும் வேலைகள்

திருகாணித் தலையை வழிக்காதவரை, மேலே சொன்னவற்றில் எதைத் தப்பாகச் செய்தாலும் திருப்பித் திருகினால் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். நட்டையும் ஃப்ரெட்டையும் தேய்த்தால் தேய்த்ததுதான். மூன்றாவது வழியின் முழுச் சிக்கலும் இதுதான்.

நட் வேலையின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. புதுக் கிட்டார்களில் நட் பள்ளங்கள் பெரும்பாலும் உயரமாகவே இருக்கும்; முதல் மூன்று ஃப்ரெட்டில் விரல் வலிப்பதற்கும், டியூன் சரியாக இருந்தும் ஓப்பன் கார்டு இழுத்த மாதிரி ஒலிப்பதற்கும் அதுதான் காரணம். சோதிக்க, இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் ஸ்ட்ரிங்கைத் தட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத இடைவெளியில் டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும். நல்ல இடைவெளி தெரிந்தால் பள்ளம் உயரம். சத்தமே வரவில்லையா, தொடாதீர்கள்.

நான் தொட்டேன். மூன்றாவது ஸ்ட்ரிங்கின் பள்ளம். அரத்தை ஹெட்ஸ்டாக் (டியூனிங் சாவிகள் இருக்கும் தலைப்பகுதி) பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் ஸ்ட்ரிங் ஃபிங்கர்போர்டு பக்க விளிம்பிலிருந்து கிளம்பும். அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். இரண்டு இழுப்பு, ஸ்ட்ரிங்கை வைத்துச் சோதனை. இன்னும் இரண்டு இழுப்பு, சோதனை. டிக் சத்தம் வந்துவிட்டது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். கை சூடு பிடித்த தெம்பில், "இன்னும் ஒரு நூல்" என்று மேலும் நாலு இழுப்பு, சோதிக்காமல். ஸ்ட்ரிங்கை வைத்து ஓப்பனாக மீட்டினேன். தம்பூரா மாதிரி ஜீவாளியோடு இரைந்தது. தம்பூராவில் அது அழகு.

பள்ளத்தில் சமையல் சோடாவைத் தூவி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் கல் மாதிரி இறுகிவிடும். அதை மறுபடி அராவலாம். எனக்குக் கை கொடுத்தது. ஆனாலும் ஒட்டுப் போட்டது ஒட்டுதான், கொஞ்ச நாளில் நட்டையே மாற்றினேன். நட் அரங்கள் ஒவ்வொரு ஸ்ட்ரிங் தடிமனுக்கும் ஒன்றாக, 010, 013, 017, 026, 036, 046 என்று ஆறு வேண்டும், விலையும் அதிகம். வெல்டிங் நாசில் சுத்தம் செய்யும் மெல்லிய அரக்கம்பிகளை வைத்தும் சமாளிக்கலாம். மெதுவாகத்தான் அராவும், புதியவர்களுக்கு அதுவே நல்லது.

ஃப்ரெட் சமன் செய்வது இன்னும் ஒரு படி மேலே. ஸ்ட்ரிங்கைக் கழற்றி, நெக்கை நேராக்கி, ஃபிங்கர்போர்டுக்கு டேப் ஒட்டி, எல்லா ஃப்ரெட்டுக்கும் மார்க்கர் மை பூசி, நேரான கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மை எல்லா ஃப்ரெட்டிலும் ஒரே மாதிரி போகும்வரை. பிறகு தட்டையான தலைகளை மறுபடி வட்டமாக்கி, மெருகு போட வேண்டும். ஸ்டீல் வூல் பயன்படுத்தினால் பிக்கப்பை (ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பாகம்) மூடிவிடுங்கள், அதன் தூள் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஃப்ரெட்டின் மொத்த உயரமே ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஒவ்வொரு தடவை சமன் செய்யும்போதும் அதில் கொஞ்சம் போகிறது. கை பழக ஐந்தாறு தடவை வேண்டும் என்றால் அதை ஒரே கிட்டாரில் பழக முடியாது. அதனால்தான், எப்போதாவது வரும் இந்த வேலைக்கு கிரவுனிங் அரமும் (ஃப்ரெட் தலையை வட்டமாக்கும் அரம்) லெவலிங் கட்டையும் வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது என்கிறேன். நண்பர்கள் கிட்டாரையும் பார்ப்பேன், இது எனக்குப் பிடித்த வேலை என்பவர்களுக்கு வேறு கணக்கு.

அக்குஸ்டிக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம். ஆக்‌ஷனைக் குறைக்க சாடிலின் அடியைத் தேய்க்க வேண்டும், அதுவும் திரும்பி வராத வேலைதான். ஆனால் சாடில் கழன்று வரும் பொருள். பழையதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி அதைத் தேய்க்கலாம். தப்பினால் பழையது இருக்கிறது. 12ஆவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் குறைய, சாடிலில் ஒரு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். 12ஆவது ஃப்ரெட் ஸ்ட்ரிங்கின் நடுப்புள்ளி என்பதால் இந்தப் பாதிக்குப் பாதி கணக்கு. அடியில் பிக்கப் இருந்தால் அடிப்பாகம் கண்ணாடி மாதிரித் தட்டையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங் சத்தம் மாறும். நைலான் ஸ்ட்ரிங் கிட்டார்களில் பலவற்றுக்கு ட்ரஸ் ராடே கிடையாது, ஆக்‌ஷனும் 3 முதல் 4 மி.மீ. வரை போகும். எலக்ட்ரிக் எண்களை அதில் தேடாதீர்கள்.

செட்டாக வாங்குவதா, ஒவ்வொன்றாகவா

பையில் போட்டு விற்கும் செட்டப் கிட்டுகளில் பாதிப் பொருள் உங்கள் கிட்டாருக்கு ஒத்துவராது. நான் ஒவ்வொன்றாக வாங்கும் கட்சி. ஸ்கேல், ஃபீலர் கேஜ், கீ எல்லாம் எங்கும் கிடைப்பவை. 1968 முதல் ஒஹாயோவில் இயங்கும் ஸ்டூமேக் போன்ற கிட்டார் கருவிச் சிறப்புக் கடைகளுக்கு நட் அரம், கிரவுனிங் அரம் என்று வரும்போது போனால் போதும். அவர்கள் பட்டியலை ராத்திரியில் புரட்டாதீர்கள். தேவையில்லாத பத்துப் பொருள் காலைக்குள் தேவையாகிவிடும்.

எங்கே கற்பது

வீடியோக்களில் எல்லாம் இருக்கிறது, கையுணர்வு மட்டும் இல்லை. ராடு எவ்வளவு இறுக்கமாக இருந்தால் இயல்பு, எந்த இடத்தில் "போதும், இனி திருகாதே" என்று அது சொல்கிறது என்பதைத் திரை காட்டாது. எனக்கு மிகவும் பயன்பட்டது, ரிப்பேர்காரரிடம் கூலியைக் கொடுத்து, "நான் பக்கத்தில் நின்று பார்க்கலாமா?" என்று கேட்டது. ஒரு மதியம். அவர் கீயை என் கையில் கொடுத்து, மேலே தன் கையை வைத்துத் திருகினார். எத்தனை வீடியோ பார்த்தாலும் அந்த அரை நிமிடம் கிடைக்காது.

முறையான பள்ளிகளும் உண்டு. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 1975இல் தொடங்கிய ராபர்டோ-வென் பள்ளி கிட்டார் செய்யவே கற்றுத் தருகிறது. அது தொழிலாக எடுப்பவர்களுக்கு. சொந்தக் கிட்டார் மூன்றுக்காக அங்கே போவது எலி பிடிக்கப் புலி வளர்ப்பது.

மட்டமான பழைய கிட்டார் ஒன்றை வாங்கிப் பழகுங்கள் என்பார்கள். பாதி சரி. நட் அராவவும் ஃப்ரெட் தேய்க்கவும் அது உத்தமம். என் நட் கதை அப்படி ஒன்றில் நடந்திருந்தால் எனக்கு வலித்திருக்காது. ராடு பழக மட்டும் அது உதவாது. அந்த விலைக் கிட்டார்களில் ராடு இறுகிப்போயிருக்கலாம், நெக் முறுக்கியிருக்கலாம். திருகியும் அசையவில்லை என்றால் தப்பு உங்களிடமா மரத்திடமா என்றே தெரியாது.

இப்போது என் நிலவரம்

ரிலீஃப், ஆக்‌ஷன், இன்டோனேஷன், பிக்கப் உயரம் எல்லாம் நான். நட், பழைய கிட்டார்களில் மட்டும் நான். ஃப்ரெட் வேலை ரிப்பேர்காரரிடம்தான் போகிறது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு: தேதி, ஸ்ட்ரிங் கேஜ், ரிலீஃப், 12ஆவது ஃப்ரெட்டில் இரண்டு பக்க ஆக்‌ஷன்.

போன முறை ஃப்ரெட் சமன் செய்யக் கொடுத்தபோது அந்தச் சீட்டைப் பெருமையாக நீட்டினேன். முடிந்ததும் இதே அளவில் வையுங்கள், 1.8 என்றேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, தன் ஸ்கேலை எடுத்து நிறுத்தினார். "ஒன்னு ஆறுல்ல இருக்கு." என் ஸ்கேலைக் கேட்டார். கொடுத்தேன். விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தேய்ச்சீங்களா? பூஜ்யத்தையும் சேர்த்துத் தேய்ச்சிருக்கீங்க."

வீட்டுக்கு வந்து எல்லாச் சீட்டிலும் 0.2 கழித்து எழுதினேன். இப்போது புது ஸ்கேல்.